குரல் உயர்த்தாத மனிதர்

ஜூன் 9, 1986

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பாப்பாவை மூன்றாம் வகுப்பில் விட்டுவிட்டு ஓடியும் வழக்கமான பஸ் போய்விட்டது. ராஜபாளையம் போய்ச் சேர்ந்து மில் கேட்டுக்குள் நுழைந்தபோது சங்கு ஊதி வெகு நேரம் ஆகியிருந்தது. புது மேனேஜர் வந்து இது இரண்டாவது வாரம். இன்றைக்குப் பார்த்தா தாமதமாக வேண்டும்?

ஐயாதுரை சார் ஒன்றும் சொல்லவில்லை. “வாங்க பரிபூரணம். பாப்பாவுக்கு ஸ்கூல் திறந்தாச்சா?” என்றார். எனக்கு மகள் இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? இத்தனை வருஷமாக இங்கே ஸ்டெனோ வேலை பார்க்கிறேன். பழைய மேனேஜர் கடைசிவரை என்னை ‘இந்தாம்மா’ என்றுதான் கூப்பிட்டார்.

குரலை உயர்த்தாத மனிதர். அவர் சொல்வதைக் கேட்க எல்லோரும் கொஞ்சம் முன்னால் சாய வேண்டியிருக்கிறது.

ஜூன் 21

இன்று மீட்டிங். குறிப்பெடுக்க நானும் உட்கார்ந்திருந்தேன். மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் குருசாமி அண்ணாச்சியைக் காட்டி, “இவர் இல்லைன்னா இந்த மில் இல்லை” என்றார் சார். அண்ணாச்சி தலைமுடி நரைத்த மனிதர். மில் தொடங்கிய காலத்திலிருந்து இருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கூச்சப்பட்டு வேட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் என்னிடம், “தாயி, இம்புட்டு வருசத்துல ஒருத்தர் வாயில இருந்து இப்படி ஒரு வார்த்த வந்ததில்ல” என்றார். கண் கலங்கியிருந்தது.

நல்ல காலம் வந்திருக்கிறது மில்லுக்கு.

ஜூலை 14

என் வீட்டுக்காரர் கோவில்பட்டி பஸ் டிப்போவில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வந்து போகிறார். பாப்பா அப்பா முகத்தையே வாரம் ஒரு முறைதான் பார்க்கிறாள். பேச்சுவாக்கில் இதை ஒரு நாள் சாரிடம் சொல்லியிருந்தேன்.

இன்று உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். “உங்க வீட்டுக்காரருக்கு உங்க ஊர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே ஆர்டர் வருது. நான் பேசிட்டேன்.” கைகூப்பினேன். “இதெல்லாம் பெரிய விஷயமா? நீங்க நிம்மதியா வேலை பாத்தா எனக்குப் போதும்” என்றார்.

கோயிலில் அவர் பேரைச் சொல்லி ஜெபித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 28

ஆர்டர் வந்துவிட்டது. இவர் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். பாப்பா தெருவெல்லாம் ஓடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆகஸ்ட் 8

ஆடிப்பூரம். தேர்க்கூட்டத்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு கூட்டத்துக்குள் நடந்து வரும்போதும் மனசு மில்லிலேயே இருந்தது.

சார் மெட்ராஸ் போக டிக்கெட் போடச் சொன்னார். புதன்கிழமைக்குப் போட்டேன். இன்று காலையில் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “செவ்வாய்னு சொன்னேனே பரிபூரணம்.” புதன் என்று என் காதில் தெளிவாக விழுந்தது. அப்படித்தான் நினைத்தேன். “பரவாயில்லை. வீடு, குழந்தை, பஸ் பிரயாணம். மனசு ஒரு இடத்துல நிக்காது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றார்.

திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். மன்னித்துவிட்டவரிடம் என்ன வாதாடுவது?

செப்டம்பர் 3

மறுபடியும். கோயம்புத்தூர் பார்ட்டிக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம் என்று சொன்னாராம். அனுப்பச் சொன்னதாகத்தான் நான் கேட்டேன். இந்த முறை சிரிக்கவில்லை. வருத்தத்தோடு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

எனக்கு என்ன ஆகிறது? முப்பத்திரண்டு வயதிலேயே மறதியா? இவரிடம் கேட்டேன். “உப்புப் போட மறந்தியா, புளி போட மறந்தியா? ஒரு கோளாறும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

இன்னொன்று. போகும்போது சார் கதவருகில் நின்று மெல்லச் சொன்னார்: “அந்த போன் பொண்ணுகிட்ட கொஞ்சம் கவனமா இருங்க. உங்களைப் பத்தி நல்லவிதமாப் பேசலை. கேட்டுறாதீங்க, எனக்காக.” டெலிபோன் ஆபரேட்டர் செல்லக்கனியும் நானும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள், ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறோம். அவள் என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பாள்?

செப்டம்பர் 4

மத்தியானம் என் மேஜையிலேயே தனியாகச் சாப்பிட்டேன். செல்லக்கனியும் என்னைத் தேடி வரவில்லை. அப்படியென்றால் சார் சொன்னது உண்மைதான்.

செப்டம்பர் 20

குருசாமி அண்ணாச்சிக்கு என்ன குற்றம் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வாரமாகச் சார் அவரைப் பார்த்துப் பேசுவதில்லை. மீட்டிங்கில் அவர் பேச ஆரம்பித்தால் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். இன்று புன்சிரிப்போடு, “குருசாமிக்கு வயசாயிட்டு வருதோ?” என்று பொதுவாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை வாசல் தாண்டின பிறகுதான் உணர்ந்தேன்.

அண்ணாச்சி பிறகு என் மேஜைக்கு வந்து, “நான் எதும் தப்பாப் பேசிட்டனா தாயி? அவிய மனசுல என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மைதான். யாருக்குமே தெரியாது. அதனால்தான் எல்லோரும் காலையில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அன்றைய நாளை ஆரம்பிக்கிறார்கள். இன்று யாரை உயர்த்துவார், யாரை இறக்குவார்? உயர்த்தப்பட்டவன் இறங்கிவிடுவோமோ என்று பயப்படுகிறான். இறக்கப்பட்டவன் மறுபடி ஏறிவிடலாம் என்று நம்புகிறான். இரண்டு பேருமே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவனைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

இதை எழுதும்போதே ஒரு குற்ற உணர்ச்சி. வீட்டுக்காரரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த மனிதரைப் பற்றியா இப்படி எழுதுகிறேன்?

அக்டோபர் 6

பாப்பா தண்ணீர் பாட்டிலைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டாள். “காலையிலேயே சொன்னேனே, பத்திரமா கொண்டுவான்னு. ஞாபகம் இல்லையா?” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். குழந்தை முழித்தாள். “நீ சொல்லவே இல்லயேம்மா.” “சொன்னேன். நீதான் மறந்துட்ட. பரவாயில்ல.” அவள் முகம் சுருங்கிப் போயிற்று. “சொன்னியோ?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு போனாள்.

நான் சொல்லவில்லை.

அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அது என் குரலே இல்லை. பிறகு அவளைக் கூப்பிட்டு, “அம்மா சொல்லல, நீ சொன்னதுதான் சரி” என்றேன். “அப்படின்னா ஏம்மா சொன்னேன்னு சொன்ன?” என்று கேட்டாள்.

அக்டோபர் 17

டிக்டேஷன் எடுத்துக்கொண்டிருந்தபோது குருசாமி அண்ணாச்சி உள்ளே வந்தார். பஞ்சு சீவும் கார்டிங் மெஷின் ஒன்றில் மூடியின் தாழ் தேய்ந்துவிட்டதாம். ஓடும்போதே மூடி திறந்துகொள்கிறதாம். “ஒரு நாள் நிறுத்திக் குடுங்க சார், மாத்திருதேன்” என்றார். சார் தலைநிமிரவில்லை. “ஆர்டர் போகட்டும். அதுவரைக்கும் ஓடட்டும். கம்பி வச்சுக் கட்டிக்கோங்க.” அண்ணாச்சி மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். “ஆளுக கை வைக்கிற இடம் சார்” என்றார். “ஓடட்டும் குருசாமி” என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, “எங்க விட்டோம்?” என்றார் சார்.

விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

அக்டோபர் 22

கார்டிங்கில் வேலை பார்க்கும் ராக்கப்பனின் கை அந்த மெஷினுக்குள் போய்விட்டது. கட்டியிருந்த கம்பி அறுந்து மூடி திறந்திருக்கிறது. மூன்று விரல். போன வைகாசியில் கல்யாணம் ஆன பையன்.

சத்தம் கேட்டு ஓடிப் போனோம். சார்தான் முதலில் அவனைத் தூக்கினார். தன் காரிலேயே அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். மில்லே அவரைப் பற்றித்தான் பேசுகிறது. எந்த மேனேஜர் இப்படிச் செய்வார் என்று.

நானும் பார்த்தேன். அவன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். நடிப்பா? அந்த நேரத்தில் யாராவது நடிக்க முடியுமா? எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 24

உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“குருசாமிகிட்ட அந்த மெஷினை நிறுத்தச் சொன்னப்ப நீங்க இங்கதான் இருந்தீங்க, இல்லையா?”

“ஓடட்டும்னு சொன்ன மாதிரி—”

“பரிபூரணம்.” ரொம்ப மெதுவாகச் சொன்னார். நான் முன்னால் சாய்ந்தேன். “டிக்கெட்டு, கோயம்புத்தூர் கடிதம். எல்லாம் ஞாபகம் இருக்கா? நீங்க நல்லவங்க. ஆனா உங்க காது சில சமயம் வேற எதையோ கேட்டுருது. நிறுத்திட்டு சரி பண்ணுங்கன்னுதான் சொன்னேன். அவர் கேக்கலை. யோசிச்சுப் பாருங்க.”

பிறகு தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு, “வீட்டுக்காரர் எப்படி இருக்கார்? டிப்போவுல ஒண்ணும் தொந்தரவு இல்லையே?” என்று கேட்டார்.

“சரி சார்” என்றேன்.

எதற்குச் சரி என்றேன்? எந்தக் கேள்விக்கு?

அக்டோபர் 25

குருசாமி அண்ணாச்சியைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். உத்தரவை நான்தான் டைப் அடித்தேன். கேட் வரை யாரும் கூடப் போகவில்லை.

நவம்பர் 5

இன்றைக்கு நடந்ததை முழுசாக எழுத வேண்டும்.

மேற்கே மலையில் காலையிலிருந்து பிடித்த மழை. அய்யனார் கோவில் பக்கம் ஆறு நிறைந்து வருவதாகச் சொன்னார்கள். சாயங்கால பஸ் பாதி வழியில் ஓடைக்கு முன்னால் நின்றுவிட்டது. ரோட்டின் மேல் தண்ணீர். வடிந்தால்தான் நகரும் என்றார் டிரைவர். பஸ்ஸில் காலியாக இருந்த இடம் என் பக்கத்தில் மட்டும்தான். செல்லக்கனி நின்றுகொண்டே வந்தாள். பஸ் நின்று வெகு நேரமானதும் கால் வலித்து வந்து உட்கார்ந்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜன்னல் ஓட்டை ஓலைக்கூரை மாதிரி ஒழுகியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நனையாத பக்கம் நகர்ந்தோம். தோள் இடித்தது.

“ஒண்ணு கேக்கவாக்கா?” என்றாள். “நான் ராங் நம்பர் போட்டுக் குடுக்கேன்னு நீங்க எதுக்கு சார்கிட்ட சொன்னீங்க?”

நான் சொல்லவே இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. நீதானே என்னைப் பற்றித் தப்பாகப் பேசுகிறாய் என்று நானும் கேட்டேன். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. சத்தியம் செய்தாள். அப்புறம் ஒன்று ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். சார் திருப்பூருக்கு ட்ரங்க் கால் போடச் சொல்லிவிட்டு, திருச்சி என்றுதான் சொன்னேன் என்றாராம். அவளுக்குக் காது சரியில்லையோ என்று அன்போடு கேட்டாராம். மதுரையில் நல்ல காது டாக்டர் இருக்கிறார், நானே அழைத்துப் போகச் சொல்கிறேன் என்றாராம்.

“போனேங்க்கா. டாக்டரு நல்லாத்தான் கேக்குதுன்னு சொல்லிட்டாரு. அப்படியும் எனக்கு நம்பிக்கை வரல. டாக்டருக்குத்தான் சரியாத் தெரியலயோன்னு நெனச்சேன்.”

நான் டிக்கெட் கதையைச் சொன்னேன். கடிதக் கதையைச் சொன்னேன். ஒரே ஆள், ஒரே குரல், இரண்டு அறை. இரண்டு மாதமாகப் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு, இரண்டு பேரும் தனித்தனியாகப் பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயந்திருக்கிறோம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாய் விட்டுக் கேட்டிருந்தால் போதும். கேட்டுவிடாதே என்று ஏன் சொன்னார் என்பது இப்போது புரிகிறது.

எனக்கு மறதி இல்லை. ‘ஓடட்டும்’ என்றுதான் சொன்னார்.

நவம்பர் 9

விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள். மதுரையிலிருந்து ஒரு வக்கீல் வந்து நடத்துகிறார். என்னைச் சாட்சியாகக் கூப்பிட வேண்டும் என்று குருசாமி அண்ணாச்சி கேட்டிருக்கிறார். தாராளமாகக் கூப்பிடுங்கள் என்று சார் சிரித்துக்கொண்டே சொன்னாராம். நான் அவருடைய ஆள் என்று அவ்வளவு நம்பிக்கை.

இன்று கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து, “நீ கேட்டது என்ன? ஓடட்டும்னுதான?” என்றார்.

“ஆமா.”

“அப்ப அதச் சொல்லு.”

“உங்களை மறுபடி கோவில்பட்டிக்குத் தூக்கிப் போட்டா? அவர் பேசித்தான வந்தீங்க.”

பாப்பாவைப் பார்த்தார். “போட்டா போறேன். அங்கயும் பஸ்ஸுதான ஓடுது. அந்தப் பெரியவரு இனி எங்க போவாரு ஏட்டி?”

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 19

சொல்லிவிட்டேன்.

சின்ன அறை. எனக்கு எதிரே சாரும், ஓரத்தில் குருசாமி அண்ணாச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போனதும் சார் பழக்கத்தில் எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டார், என் கண்ணில் வெயில் படாமல். இவ்வளவு அக்கறையான மனிதருக்கு எதிராகவா?

வக்கீல் கேட்டார். “நிறுத்தச் சொல்லல. ஓடட்டும்னு சொன்னாங்க. ரெண்டு தடவ சொன்னாங்க. கம்பி வச்சுக் கட்டச் சொன்னாங்க” என்றேன். எனக்கு மறதி உண்டா என்று கேட்டார்கள். “அப்படி ஒருத்தர்தான் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். இப்ப நம்பல” என்றேன். செல்லக்கனியும் தன்னிடம் நடந்ததைச் சொல்லத் தயாராக வெளியே உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிடவில்லை.

சார் முகத்தில் ஒன்றும் இல்லை. கோபம்கூட இல்லை. பழகிய முகத்திலிருந்து யாரோ விளக்கை அணைத்துவிட்டது போல இருந்தது. இத்தனை நாள் அங்கே எரிந்தது எல்லாம் எனக்காக ஏற்றி வைத்ததுதான் போலிருக்கிறது.

நவம்பர் 20

“வணக்கம் பரிபூரணம்” என்றார், வழக்கம் போல. ஒரு வேலையும் கொடுக்கவில்லை.

டிசம்பர் 11

என் நாற்காலியை நூல் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். டைப்ரைட்டரை எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் வருகிறது. வேலை மட்டும் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நூல் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

திட்டு வாங்குவதைவிட இது கஷ்டம். ஒரு மனுஷிக்கு வேலை கொடுக்காமலே அவளை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட முடியும் என்று இப்போதுதான் தெரிகிறது. கூட வேலை பார்த்தவர்கள் வழியில் பார்த்தால் குனிந்துகொள்கிறார்கள். அவர்கள் மேல் கோபம் இல்லை. செப்டம்பரில் அண்ணாச்சியைப் பார்த்து நான் சிரித்தவள்தானே.

செல்லக்கனி மட்டும் மத்தியானம் டப்பாவோடு வருகிறாள். மூட்டை மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

ஜனவரி 19, 1987

குருசாமி அண்ணாச்சி மேல் குற்றம் நிரூபணமாகவில்லை என்று வக்கீல் எழுதிவிட்டார். மறுபடி வேலைக்கு வரச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பினாராம். அண்ணாச்சி வரவில்லை.

ஜனவரி 25

இவரையும் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவருடைய சம்சாரம் பெத்தம்மாள் காப்பி கொடுத்தார்கள். அண்ணாச்சி மெலிந்துவிட்டார். ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

“மெசின் முன்னால நிக்க முடியல தாயி. ஒரு நட்டு முறுக்கினாக்கூட, முறுக்கினனா இல்லியான்னு திரும்பத் திரும்பப் பாக்கேன். அந்தப் பய விரலு போன அன்னைக்கு இருந்து ஒண்ணு சொல்லவா? நிறுத்துன்னுதான் அவிய சொன்னாகளோ, நாந்தான் தப்பாக் கேட்டுட்டனோன்னு எனக்கே தோணிப் போச்சு. பொஞ்சாதிகிட்டகூடச் சொல்லல. நீ அந்த ரூம்புல வந்து ‘ஓடட்டும்’னு சொன்ன பாரு, அப்பத்தான் எங் காது எனக்குத் திரும்பி வந்துச்சு.”

பெத்தம்மாள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அண்ணாச்சியைக் காப்பாற்றத்தான் சாட்சி சொல்லப் போனேன் என்று நினைத்திருந்தேன். வேலை போனதைவிடப் பெரிய ஒன்று அவரிடமிருந்து போயிருந்தது எனக்குத் தெரியாது. அது பாதிதான் திரும்பி வந்திருக்கிறது.

மார்ச் 12

இவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். டிப்போ ஆபீஸில் பேச்சு வந்திருக்கிறது. இவருடைய மாற்றல் சீனியாரிட்டிப்படி தானாக வந்ததாம். போன வருஷம் மே மாதமே முடிவாகிவிட்டதாம். யாரும் யாரிடமும் பேசவில்லை. சார் எங்கிருந்தோ சேதியைத் தெரிந்துகொண்டு முன்கூட்டி என்னிடம் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இல்லாத கடனுக்காக எத்தனை நாள் தலை குனிந்திருக்கிறேன். எவ்வளவு பயந்தேன், இல்லாத ஒரு அதிகாரத்துக்கு.

செப்டம்பர் 30

ஐயாதுரை சார் போகிறார். மில் தொழிலை விட்டு இல்லை, எங்களை விட்டு. வெளியூரில் இதைவிடப் பெரிய மில்லுக்குப் பெரிய பதவி. உற்பத்தியைக் கூட்டிக் காட்டியிருக்கிறார் அல்லவா. இன்று பிரிவு உபசாரம். பந்தல், மாலை, மைக். பலர் அழுதார்கள். நிஜமாகவே அழுதார்கள். ராக்கப்பன் அந்தக் கையாலேயே மாலை போட்டான். அவனுக்குத் தெரிந்தது காரில் மடியில் படுத்திருந்தது மட்டும்தான். அவனிடம் போய் என்ன சொல்ல?

தப்புச் செய்தவருக்குத் தண்டனை வரும் என்று ஒரு பக்கம் காத்திருந்தேன் போலிருக்கிறது. வரவில்லை. எழுதி வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

நவம்பர் 2

புது மேனேஜர் என்னை ஆபீஸுக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். அதிகம் பேசாத மனிதர். மூக்குப்பொடி போடுகிறார்.

ஜூலை 8, 1988

மேனேஜர் மணி அடித்தால் இன்னும் குறிப்பு நோட்டை ஒரு தடவை புரட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். ஒரு பாவமும் அறியாத மனிதர். “இந்தக் கடிதம் எங்கம்மா?” என்று சாதாரணமாகக் கேட்டால்கூட, நான் எங்கே வைத்தேன் என்பதோடு, நிஜமாகவே வைத்தேனா என்றும் யோசிக்கிறேன். ஐயாதுரை சார் போய்விட்டார். எனக்குள் இருந்து இன்னும் காலி செய்யவில்லை.

மே 24, 1992

ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்காரப் போகும்போது பின்னால், “பரிபூரணம்” என்று மெல்லிய குரல். திரும்பினேன். ஐயாதுரை சாருக்குத் தலை முழுக்க வெளுத்துவிட்டது. பாப்பாவைப் பார்த்து, “ஒன்பதாவது போறாளா?” என்றார். சரியாகச் சொல்லிவிட்டார். பாப்பா அசந்து போனாள்.

“உங்க மாதிரி ஒரு ஸ்டெனோ எனக்கு அப்புறம் கிடைக்கலை” என்றார். ஒரு நொடி, எழுத வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடிதான் நான் முன்னால் சாய்ந்து நிற்கிறேன் என்று கவனித்தேன். நிமிர்ந்து நின்றேன்.

“குருசாமி அண்ணாச்சி போன வருஷம் தவறிட்டாங்க சார்.”

“அடடா. நல்ல மனுஷன். ஆனா கடைசில அவருக்கு ஞாபகமெல்லாம் கொஞ்சம் தடுமாறிப் போச்சு, பாவம்” என்றார். நிஜமான வருத்தம் முகத்தில். தான் சொல்வதைத் தானே நம்புகிறார் என்று அப்போதுதான் பட்டது. ஒரு வேளை அன்றைக்கும் நம்பியிருப்பார். தான் வேண்டுகிற மாதிரி உலகம் நடந்தது என்று ஒரு மனிதர் நம்பிவிட்டால், மற்றவர்களின் கண்ணும் காதும் அவருக்கு எதற்கு?

“அண்ணாச்சிக்குக் கடைசிவரை எல்லாம் ஞாபகம் இருந்துச்சு சார்” என்றேன். பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் புன்னகைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பிள்ளைகளை விசாரிப்பது கேட்டது.

பிப்ரவரி 14, 1995

ஆபீஸ் சூப்பிரண்டென்ட் ஆகி ஆறு மாதம் ஓடிவிட்டது. எனக்குக் கீழே நான்கு பேர்.

இன்று மத்தியானம் ஏற்றுமதி லோடு ஒன்று எந்தத் தேதி போக வேண்டும் என்று எல்லோருக்கும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூலையில் இருக்கும் வெள்ளத்தாய், போன தையில் வேலைக்குச் சேர்ந்த பெண், டைப் அடிப்பதை நிறுத்தாமலே, “அது தப்புக்கா. அடுத்த வாரம்னு நேத்து நீங்கதான சொன்னீங்க” என்றாள்.

ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆமாம், அப்படித்தான் சொல்லியிருந்தேன். “நீ சொல்லுததுதான் சரி. அடுத்த வாரம்தான்” என்றேன்.

வெள்ளத்தாய் அடுத்த தாளைச் சொருகினாள். யாரும் தலை தூக்கிப் பார்க்கவில்லை. ஒருத்தி காப்பிக்குச் சொல்லவா என்று கேட்டாள்.